மலை உச்சியில் எலி ராஜ்யம்

கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி இவைதான் நினைவுக்கு வரும். சினிமாப் படங்களில் காட்டுவதும் இவற்றைத்தான். ஆனால் இவை பெரும்பாலும் கீழே, புல்வெளிகளிலும் புதர்க் காடுகளிலும் திரிபவை. அங்கிருந்து மலை ஏறி, பெரும் மரக்காடுகளைத் தாண்டி, மூங்கில் காடுகளையும் தாண்டி, பதினோராயிரம் பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக்குப் போய்விட்டால் ராஜ்யம் மாறிவிடுகிறது. அங்கே ஆட்சி நடத்துவது எலி!

இது வேடிக்கைக்காகச் சொல்வது அல்ல. அந்த உயரத்தில் வாழும் ஓநாய்க்கு எலிதான் ஆகாரம். ஆந்தைக்கும் அதுவே ஆகாரம். ஒரு குருவிக்கு அது காவல் வேலை கொடுக்கிறது. மண்ணைக் கிளறி மலைக்கு உழவு செய்வதும் அதுதான். ஆதி மனிதன் ஒருவன் மலை உச்சியில் குடித்தனம் நடத்தியதற்குக்கூட எலியே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவை அபிசீனியா என்று சொல்வது பழைய வழக்கம். அந்த நாட்டின் தென்கிழக்கே பாலே மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சியில், மேசையைப் போட்டதுபோல் சனெட்டி பீடபூமி பரந்து கிடக்கிறது. உயரம் சுமார் 13,000 அடி. அங்கே மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எங்கு பார்த்தாலும் குட்டைப் புல், சாம்பல் நிறச் செடிகள், சிறு சிறு குட்டைகள்; நடுநடுவே விளக்குத் தூண் மாதிரி ஒற்றையாக நிற்கும் ராட்சத லொபீலியாச் செடிகள். பகலில் வெயில் தோலைப் பொசுக்கும். பொழுது சாய்ந்தால் தண்ணீர் உறைந்து போகும். சில இரவுகளில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்கியது உண்டு.

சாதாரணமாக எலி இரவில் திரியும் பிராணி. சனெட்டியில் அந்த வழக்கம் செல்லாது. இரவில் வெளியே வந்தால் விறைத்துப் போகவேண்டியதுதான். ஆகவே இங்குள்ள எலிகளில் பல, பகல் வெயிலில்தான் நடமாடுகின்றன. இந்த ஒரு சங்கதியிலிருந்து எத்தனை விஷயங்கள் கிளைத்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

தலை உச்சியில் கண்

இந்தப் பீடபூமியின் ராஜா பெரிய அகழெலி. வளை அகழ்ந்து மண்ணுக்குள் வாழ்வதால் இந்தப் பெயர் பொருந்தும். நல்ல கொழுத்த பெருச்சாளியைப் பார்த்தவர்கள் அதன் உருவத்தை ஊகித்துக் கொள்ளலாம். எடை ஒரு கிலோவை நெருங்கும். வால் குட்டை, காது சிறிது. வாய்க்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு ஜோடி உளிப் பற்கள் நீட்டிக் கொண்டிருக்கும். மண்ணைக் குத்திப் பெயர்ப்பதற்கு அவைதான் கடப்பாரை. 1842-ம் ஆண்டில் ரூப்பெல் என்ற ஜெர்மானிய இயற்கை ஆராய்ச்சியாளர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பெரிய தலை உடையது என்பது அந்தப் பெயரின் பொருள்.

பூமிக்குள் வாழும் எலிகளுக்குக் கண் பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். இருட்டில் கண்ணுக்கு என்ன வேலை? இந்த எலிக்கு மட்டும் கண் இருக்கிறது. அதுவும் தலையின் உச்சியில் இருக்கிறது. வளை வாயிலில் தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். உடம்பு முழுவதும் மண்ணுக்குள் இருக்க, கண் மட்டும் வெளியே நின்று நாலு பக்கமும் நோட்டம் பார்க்கும். நீர்மூழ்கிக் கப்பலில் குழாய் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி.

பார்த்தபின், ஆபத்து இல்லை என்றால் உடம்பை வெளியே நீட்டுகிறது. எட்டிய தூரத்தில் உள்ள புல்லையும் செடியையும் வாய் நிறையக் கவ்வுகிறது. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வந்த வழியே பின்னுக்கு நழுவி வளைக்குள் போய்விடுகிறது. பின்னங்கால் எப்போதும் வளை வாயிலை விட்டு அதிகம் விலகாது. ஒரு வளையைச் சுற்றி மேய்ந்து முடிந்ததும் அதை மண்ணால் அடைத்துவிட்டு வேறிடத்தில் புது வாயில் திறக்கும். ஒரு நாளில் அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்குள்தான். பாக்கி நேரம் முழுவதும் பூமிக்குள் வாசம்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் அதற்கு ஒரு காவல்காரன் உண்டு. பழுப்பு நிறத்தில் ஒரு சிறு குருவி, எலி மண் தள்ளும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளறிய மண்ணில் புழுவும் பூச்சியும் அகப்படும் அல்லவா? அதுதான் அதன் சம்பளம். ஓநாயோ கழுகோ கண்ணில் பட்டால் குருவி கத்தும். கத்திய மாத்திரத்தில் எலி மறைந்துவிடும். எலியைக் காப்பாற்ற வேண்டும் என்று குருவி நினைத்துக் கத்துகிறது என்று சொல்ல முடியாது. அது தன் உயிருக்குப் பயந்து கத்துகிறது. எலியும் அதைக் கேட்டுப் பிழைத்துக்கொள்கிறது.

இந்தப் பெரிய அகழெலி பாலே மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மிருகக்காட்சி சாலையில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைக்கவும் வழியில்லை.

செம்பட்டை ஓநாய்

இப்போது எலியைத் தின்னும் பிராணியைப் பார்க்க வேண்டும். எத்தியோப்பிய ஓநாய் செம்பட்டை நிறம். கழுத்தும் மார்பும் வெள்ளை. கால் நீளம், மூக்கு நீளம். வளைக்குள் மூக்கை விட்டு எலியை இழுப்பதற்காகவே அளவெடுத்துச் செய்தாற்போல் இருக்கும். இதன் முன்னோர் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து ஆப்பிரிக்கா வந்த ஓநாய்கள் என்று கருதுகிறார்கள். மற்ற நாட்டு ஓநாய்கள் கூட்டமாகச் சேர்ந்து மானையும் ஆட்டையும் துரத்தி அடிக்கும். இந்த ஓநாய் கூட்டமாகக் குடும்பம் நடத்தும். இரவில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் தனித்தனியே வேட்டைக்குப் புறப்பட்டுவிடும். ஒரு எலியை இருவர் பங்கு போட்டுக்கொள்ள முடியாதே!

பாலே மலையில் இந்த ஓநாய்களின் கழிவைச் சேகரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1995-ம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, இவை தின்னும் இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு எலிகள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிய அகழெலி. மற்றவை இரண்டு மூன்று வகைச் சிறிய புல்லெலிகள். பகலில் எலி வெளியே வருவதால் ஓநாயும் பகலில் வேட்டையாடுகிறது. புல்லோடு புல்லாகப் பதுங்கி, பூனையைப் போல் அடிமேல் அடி வைத்து, வளைக்கு முன்னால் அசையாமல் காத்திருந்து ஒரே பாய்ச்சலாகப் பாயும்.

ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஒன்று வேடிக்கையானது. ஒரோமோ மக்கள் இதைக் குதிரையின் நரி என்று சொல்கிறார்கள். குட்டி போடப்போகும் குதிரை, பசு இவற்றின் பின்னால் நஞ்சுக்கொடிக்காக இது சுற்றிக்கொண்டிருக்குமாம்.

மனிதனும் தின்றான்

ஓநாயைப் போலவே இந்த எலியின் ருசியை மனிதனும் கண்டிருக்கிறான். பாலே மலையில் சுமார் 11,400 அடி உயரத்தில் ஃபிஞ்சா ஹபேரா என்ற பாறைக் குடைவு இருக்கிறது. அங்கே தோண்டிப் பார்த்தவர்கள் கல்லாயுதங்களையும், அடுப்புச் சாம்பலையும், தீயில் வாட்டிய எலும்புகளையும் கண்டெடுத்தார்கள். எலும்புகளில் பெரும்பாலானவை பெரிய அகழெலியின் எலும்புகள்! 2019-ம் ஆண்டில் இந்தச் செய்தியை வெளியிட்டபோது, அங்கே மனிதர் வாழ்ந்த காலம் 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணக்குச் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் மலை உச்சியில் பனிப்பாறைகள் இருந்தன. கீழே வறட்சி. மேலே பனி உருகிய தண்ணீர் உண்டு. கத்தி செய்யக் கண்ணாடி போன்ற எரிமலைக் கல் உண்டு. கை வைத்தால் பிடிபடும் கொழுத்த எலி உண்டு. வேறென்ன வேண்டும்? அந்த உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை.

பாலேயிலிருந்து வடக்கே, தலைநகரான அடிஸ் அபாபாவையும் தாண்டிப் போனால், குவாசா என்ற இன்னொரு மலைப் புல்வெளி வருகிறது. அங்கே பெரிய அகழெலி இல்லை. அதற்குத் தம்பி முறையான சிறிய அகழெலியும் புல்லெலிகளும் உண்டு. ஓநாயும் உண்டு. கூடவே கெலாடாக் குரங்குகள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து ஆடுமாடு போலப் புல் மேய்கின்றன. ஓநாய் இந்தக் குரங்குக் கூட்டத்துக்குள் மெல்ல நடந்து போகும். குட்டிக் குரங்கு பக்கத்திலேயே இருந்தாலும் தொடாது. குரங்குகளும் ஓடுவதில்லை. ஏன் இந்தச் சிநேகம் என்று ஆராய்ந்தவர்கள் 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தனியாக வேட்டையாடும்போது நான்கு முயற்சியில் ஒன்றுதான் ஓநாய்க்குப் பலித்தது. குரங்குகளுக்கு நடுவே வேட்டையாடியபோது மூன்றில் இரண்டு பலித்தது! அந்தச் சந்தடியில் எலி ஏமாந்துவிடுகிறது.

ஆந்தை தரும் வருமானம்

எத்தியோப்பியாவுக்குத் தெற்கே கென்யா. அங்கே கென்யா மலையும் அபெர்டேர் மலையும் நிற்கின்றன. இவற்றின் சரிவுகள் செழிப்பான விவசாய பூமி. தேயிலை, காப்பி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் விளைகின்றன. இங்கேயும் சிறிய அகழெலி உண்டு. சுவாஹிலி மொழியில் இப்படி மண்ணுக்குள் வாழ்பவற்றை ஃபுகோ என்பார்கள். கிழங்குத் தோட்டத்தில் அடியிலிருந்து வேலை செய்யும் திருடன் இது. மேலே கொடி பச்சைப் பசேல் என்றிருக்கும்; பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு இருக்காது. இதைப் பொறி வைத்துப் பிடித்துக் கூலி வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு.

கூலி வாங்காமல் பிடித்துத் தருபவர் ஆந்தையார். மக்கிண்டர் ஆந்தை என்ற பெரிய ஆந்தை இந்த மலைச் சரிவுகளில் பாறைப் பள்ளத்தாக்குகளில் குடியிருந்து, இரவில் தோட்டங்களில் இறங்கி எலி வேட்டை நடத்துகிறது. ஆனால் ஆந்தை என்றால் அபசகுனம்; அது வீட்டருகில் அலறினால் சாவு விழும் என்ற நம்பிக்கை அந்த ஊரிலும் இருக்கிறது. கல்லால் அடித்து விரட்டினார்கள். எலிக்கு வைத்த விஷமும் ஆந்தைக்கு ஆபத்தாயிற்று. பிறகு இந்த ஆந்தையைப் பார்க்க வெளிநாட்டு யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள். தம் நிலத்தில் உள்ள கூட்டைக் காட்டிச் சில விவசாயிகள் பணம் பெற்றார்கள். எலியையும் பிடித்து, கைச்செலவுக்குக் காசும் கொடுத்தால் அபசகுனம் என்ன செய்யும்!

விஷம் பூசிக்கொள்ளும் எலி

கென்யாவின் மலைக்காடுகளில் இன்னொரு எலி இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் உண்டு. ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். முதுகு நெடுகப் பிடரி மயிர் சிலிர்த்து நிற்கும். உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். பிடரி எலி என்று இதைச் சொல்லலாம். முயல் குட்டி அளவு இருக்கும். ஓடத் தெரியாது. மெதுவாக அசைந்து அசைந்து நடக்கும். இப்படிப்பட்ட பிராணி இத்தனை காலம் நாய்க்கும் சிறுத்தைக்கும் தப்பியது எப்படி?

இதைக் கடித்த நாய் செத்துப்போகும் என்று ஊரார் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். படித்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011-ம் ஆண்டில் மர்மம் வெளிப்பட்டது. அகோகாந்தேரா என்று ஒரு மரம் அங்கே உண்டு. அதன் பட்டையையும் வேரையும் காய்ச்சித்தான் யானை வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவும் விஷத்தை எடுத்தார்கள். உவாபெயின் என்ற அந்த விஷம் ரத்தத்தில் கலந்தால் இருதயத்தை நிறுத்திவிடும். மிகச் சிறிய அளவில் இருதய நோய்க்கு மருந்தாகவும் அதை உபயோகித்தது உண்டு. அந்த மரப் பட்டையைப் பிடரி எலி கடித்து மென்று, எச்சிலோடு சேர்த்துத் தன் விலாவில் உள்ள மயிரில் பூசிக்கொள்கிறது! அந்த இடத்து மயிர் மட்டும் சல்லடைபோல் துளைகள் உள்ளது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் விஷத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

எதிரி வந்தால் எலி ஓடுவதில்லை. பிடரியைச் சிலிர்த்து, விலாவில் மயிரை வகிடு எடுத்தாற்போல் பிரித்து, விஷம் பூசிய இடத்தையே காட்டி நிற்கிறது. கடித்துப் பார் என்று சொல்வதுபோல் இருக்கும். மண்டை ஓடும் தோலும் கெட்டி; ஒரு கடிக்குத் தாங்கும். கடித்தது பிழைத்தால் ஆயுள் முழுவதும் அந்தப் பக்கம் போகாது.

இது ஒண்டிக்கட்டையாகத் திரியும் பிராணி என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தார்கள். கென்யாவில் இருபத்தைந்து எலிகளைப் பிடித்துக் காமிரா வைத்துக் கவனித்தவர்கள் 2020-ல் வேறு விதமாகச் சொன்னார்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழ்கின்றன. ஒன்றை ஒன்று சுத்தம் செய்து, சேர்ந்தே படுத்துறங்குகின்றன. விஷக்காரனுக்கும் சம்சாரம் உண்டு.

காடு அழிந்த இடத்தில்

எலியைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தை சொன்னபிறகு மறுபக்கத்தை மறைக்கக்கூடாது. டான்சானியா நாட்டின் உசம்பாரா மலையில் லுஷோட்டோ என்ற மாவட்டம். குளிர்ச்சியான ஊர்கள், காய்கறித் தோட்டங்கள். அங்கே 1980-ல் பிளேக் நோய் கண்டது. 2004 வரை வருஷம் தவறினாலும் நோய் தவறாமல் திரும்பத் திரும்ப வந்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பீடித்தது. காட்டு எலிகளின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் பிளேக் கிருமியைச் சுமப்பது. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட இடங்களில் வீட்டெலியும் வயல் எலியும் காட்டெலியும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. தானியத்தை வீட்டுப் பரணில் வைப்பதால் எலி மனிதன் தலைக்கு மேலேயே வாசம் செய்கிறது. காட்டில் தன்பாட்டில் இருந்த எலியை மனிதன் தேடிப் போய்ச் சம்பந்தம் வைத்துக்கொண்ட கதைதான் இது.

ஏர் ஏறுகிறது

எத்தியோப்பிய மலைகளிலும் மனிதன் மேலே ஏறிக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் பெருகப் பெருக, கீழே நிலம் போதவில்லை. பார்லி பயிரிட ஏர் உச்சியை நோக்கிப் போகிறது. 10,500 அடிக்கு மேற்பட்ட நிலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு ஏற்கெனவே வயலாகிவிட்டது என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. ஏழை விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஏர் மேலே வந்தால் எலி அதற்கும் மேலே போகவேண்டும். மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கப்பால் ஆகாயந்தான்.

வயலோடு ஆடுமாடும், ஆடுமாட்டோடு நாயும் வருகின்றன. நாயிடமிருந்து வெறிநோய் ஓநாய்க்குத் தொற்றுகிறது. பாலே மலையில் 1991-லும் 2003-லும் 2008-லும் 2014-லும் இந்த நோய் பரவி ஓநாய்களை வாரிக்கொண்டு போயிற்று. உலகத்தில் எஞ்சியிருக்கும் எத்தியோப்பிய ஓநாய்கள் ஐந்நூறுக்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் பாலேயில் உள்ளவை. 2018 முதல், இறைச்சித் துண்டில் தடுப்பு மருந்தை மறைத்து வைத்து ஓநாய் தின்னும்படி இரவில் போட்டு வருகிறார்கள். நோய்க்கு மருந்து கண்டாயிற்று. எலி இல்லாமல் போனால் ஓநாய்க்கு எதைப் போடுவது?

இதற்கு ஒரு வழியைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டவர்கள் குவாசாப் பக்கத்து மென்ஸ் ஜனங்கள். அவர்கள் வீட்டுக் கூரைக்கும் கயிற்றுக்கும் அந்த மலைப் புல்தான் ஆதாரம். கண்டபடி அறுத்தால் தீர்ந்துவிடும் என்று, ஊர்ப் பெரியவர்கள் மலையை ஒரேயடியாகச் சில வருஷங்கள் மூடிவிடுவார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம்கூட ஆகும். குறித்த நாளில் திறந்து எல்லோரும் அறுத்துக்கொள்வார்கள். அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது. 1975-ல் வந்த நிலச் சீர்திருத்தத்தில் இந்த ஏற்பாடு குலைந்தது. ஆனால் ஊரார் விடவில்லை. சங்கம் அமைத்துக் காவல் போட்டு, சட்டப்படியும் அங்கீகாரம் பெற்றார்கள். ஓநாய்க்காகவோ எலிக்காகவோ அவர்கள் இதைத் தொடங்கவில்லை, கூரைக்காகத் தொடங்கினார்கள். புல் பிழைத்தது, புல்லுக்குள் இருந்த எலி பிழைத்தது, எலியைத் தின்னும் ஓநாயும் அங்கே இன்னும் நடமாடுகிறது.

எல்லா எலிக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. நீல நைல் நதியின் தலையூற்று எத்தியோப்பியாவின் வடமேற்கு மலைகளில் இருக்கிறது. சின்ன அப்பாய் என்பது அந்த ஓடையின் பெயர். 1927-ல் அமெரிக்காவிலிருந்து சென்ற ஒரு கூட்டத்தார் அந்த ஓடையோரம் ஓர் எலியைப் பிடித்தார்கள். தண்ணீரில் நீந்தி இரை தேடுவதற்கு ஏற்ற உடல். அடர்ந்த மிருதுவான மயிர். மறு வருஷம் அதற்குத் தனி இனமென்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு அங்கே போய்த் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. ஓடைக்கரையெல்லாம் ஆடுமாடு மிதித்து, வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. அன்று பிடித்த அந்த ஒரே எலியின் உடல் சிகாகோ நகரக் காட்சி சாலையில் பத்திரமாக இருக்கிறது.